மிச்ச நூலில் ஹாலோவீன்: ஒட்டாமல் நெய்து பாருங்கள்

கேள்வி இதுதான்: பல வருடங்களாக ஸ்வெட்டரும் தொப்பியும் பின்னியதில் மிஞ்சிய நூல் ஒரு பை நிறையக் கிடக்கிறது. தறி கிடையாது. அந்த நூலைக் கையாலேயே நெய்து, குச்சி, கம்பி, துணி என்று கிடைத்ததையும் சேர்த்து, அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு வாசலையும் ஜன்னலையும் பேய், வௌவால், முகம் குடைந்த பூசணி விளக்கு என்று அலங்கரிக்க வேண்டும். போன வருடம் செய்தது நர்சரிப் பிள்ளைகளின் கைவேலை மாதிரி வந்துவிட்டது. இந்த வருடம் அப்படி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

போன வருடம் எப்படிச் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஆரஞ்சு நூலில் ஒரு சதுரம் நெய்து, அதன்மேல் கறுப்பு ஃபெல்ட் துணியில் கண், மூக்கு, வாய் வெட்டிப் பசை போட்டு ஒட்டி, ஓரத்தில் கொஞ்சம் மினுமினுப்பும் தூவியிருப்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் நெசவுக்கு வேலையே இல்லை. நெய்த துணி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அட்டையை வைத்திருந்தாலும் அதே பொம்மைதான் வந்திருக்கும். பார்ப்பவர்கள் கண்ணில் அதுதான் படுகிறது.

அதனால் நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. சேர்க்கிற பொருள் எதுவாக இருந்தாலும் அது பாவுக்குள்ளே போக வேண்டும். நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு, குறுக்கே மேலும் கீழுமாகப் போய்வருவது ஊடை. குச்சியோ கம்பியோ பழைய துணியோ, ஒன்று பாவாக நிற்கட்டும், இல்லை ஊடையாக ஓடட்டும். மேலே உட்காரவே கூடாது. பசை டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இதை நானாகக் கண்டுபிடித்துவிடவில்லை. பத்தமடைப் பாயைப் பாருங்கள்: பாவு பருத்தி நூல், ஊடை கோரைப்புல். இரண்டு வெவ்வேறு பொருள்கள் சேர்ந்து ஒரே பரப்பாகிவிடுகின்றன. ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஆனி ஆல்பர்ஸ், பெர்னாவ் என்ற ஊரிலிருந்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கச் சுவருக்காக ஒரு துணி நெய்தார். அதில் செலோபேனும் நூலாகப் போனது. ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும், மறுபக்கம் ஓசையை உறிஞ்சும். அமெரிக்காவில் பிறந்து பாரிசில் குடியேறிய ஷீலா ஹிக்ஸ், ஒரு புத்தக அளவே உள்ள சின்னச் சட்டத்தில் பல பத்தாண்டுகளாக ‘மினிம்’ என்று அழைக்கும் சிறு நெசவுகளைச் செய்துவருகிறார். கிளிஞ்சல், ஷூ கயிறு, ரப்பர் வளையம் எல்லாம் அவற்றில் இழையோடு இழையாகப் போயிருக்கின்றன. ஹாலோவீன் அலங்காரம் சின்ன விஷயந்தானே என்று நினைக்க வேண்டாம். அதே இலக்கணம் இதற்கும் செல்லும்.

தறிக்கு வருவோம். பார்சல் வந்த தடித்த அட்டைப்பெட்டி போதும். 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக டேப் சுற்றிவிடுங்கள். அட்டைக்குள் இருக்கும் நெளிவரி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பாவு இழுப்பில் அட்டை வளைந்துவிடும். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 5 மி.மீ.க்கு ஒன்றாகக் கத்தியால் சின்னக் கீறல் போட்டு, முன்பக்கத்தில் மட்டும் மேலும் கீழுமாக நூலை இழுத்துக் கட்டினால் பாவு தயார். பழைய போட்டோ சட்டம் இருந்தால் இன்னும் நல்லது, ஆணி அடித்துக்கொள்ளலாம்.

பாவுக்கு மட்டும் மிச்ச நூலைப் போட வேண்டாம் என்பேன். கம்பளியும் செயற்கை இழையான அக்ரிலிக்கும் இழுத்தால் நீளும். ஒரு இழை நீண்டு பக்கத்து இழை நீளாமல் நின்றால் துணி கோணிக்கொள்ளும். முறுக்கேறிய பருத்தி நூல், இழுத்தால் அறுபடாததாக, ஒரு கண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது அது ஒன்றுதான்.

ஊடை போடும்போது நூலை நேர்க்கோடாக இழுக்காதீர்கள். வில் மாதிரி வளைத்துப் போட்டு, பிறகு முள்கரண்டியால் கீழே தட்டுங்கள். நேராக இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே சுருங்கிக்கொண்டே வந்து, சதுரமாக ஆரம்பித்தது இடை சிறுத்துப் போகும். (இதையே வௌவாலுக்கு வேண்டுமென்றே செய்யப்போகிறோம், பின்னால் சொல்கிறேன்.) ஒரு மர ஸ்கேலை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவுக்குள் நுழைத்து வைத்திருங்கள். அதைச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்தினால் பாவு பிரிந்து வழி விடும், ஊசியை ஒரே இழுப்பில் விடலாம். திரும்பி வரும்போதுதான் ஒவ்வொரு இழையாக எடுக்க வேண்டியிருக்கும். பாதி வேலை மிச்சம்.

இனி நூல் பை. எல்லாரும் நிறம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நான் முதலில் குணம் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன். லேபிள் தொலைந்துபோன உருண்டைகள்தான் அதிகம் இருக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்குமேல் நெருப்புக் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்துக் கெட்டியான மணியாக நிற்கும். சூடாக இருக்கும்போது தொட்டுவிடாதீர்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து சாம்பலாகும். கம்பளியிலும் இரண்டு வகை உண்டு. வாஷிங் மெஷினில் போடலாம் என்று பதப்படுத்திய கம்பளி வெந்நீரில் சுருங்காது, சாதாரணக் கம்பளி சுருங்கும். இதைக் கண்டுபிடிக்க, நூலின் இரண்டு முனைகளையும் பிரித்து ஈரமாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாகத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டு ஒரே நூலானால் அது சுருங்குகிற கம்பளி. அதைத் தனிப் பையில் போடுங்கள். பூசணிக்கு அதுதான் உயிர்.

எவ்வளவு நூல் மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டியதில்லை, சமையல் தராசில் நிறுத்தாலே போதும். ஸ்வெட்டர் பின்னும் நடுத்தர நூல் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வரும். ஒரு கிராமுக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்: ஆரஞ்சும் கறுப்பும் கையில் அதிகம் இல்லை, வாங்கத்தான் வேண்டுமா? வேண்டாம். மெல்லிய சிவப்பு ஒன்று, மெல்லிய மஞ்சள் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரே ஊடையாக விடுங்கள். கிட்டத்தில் இரண்டு நிறம் தெரியும். வாசற்படியிலிருந்து பார்த்தால் ஆரஞ்சாகத்தான் தெரியும், அதுவும் கடையில் வாங்கிய ஆரஞ்சைவிட உயிரோட்டமாக. வெள்ளைக் கம்பளி இருந்தால் கேக்குக்குப் போடும் உணவு நிறத்தோடு வினிகர் சேர்த்துச் சூடாக்கி அடுப்பிலேயே சாயம் ஏற்றிவிடலாம். அக்ரிலிக்கில் அந்தச் சாயம் பிடிக்காது.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பூசணியையே விட்டுவிடுங்கள். இந்தப் பண்டிகை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேர்விட்டது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சாவின் என்ற கெல்டிக் நாளும், நவம்பர் 1இல் வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவும் அதில் கலந்திருக்கின்றன. (நவம்பர் 2இல் நம்மூர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவதும் இதே நாட்களின் தொடர்ச்சிதான்.) அங்கே அப்போது குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அந்த மண்ணில் விளைந்த, குடைவதற்கும் எளிதான பூசணி அந்த இடத்துக்கு வந்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சு வார்ப்பு இருக்கிறது. ஒடுங்கிய கன்னமும் இடுங்கிய கண்ணும் கோணல் பல்லுமாக, சிரித்த முகப் பூசணியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. அதற்கு என்ன நிறம் வேண்டும்? அழுக்கு வெள்ளை, மங்கிய மஞ்சள், தலைப்பக்கம் கொஞ்சம் ஊதா. மிச்ச நூல் பையில் இந்த நிறங்கள் இல்லாத வீடே இருக்காது. கீழே பூசணிக்குச் சொல்லும் முறையிலேயே டர்னிப்பையும் செய்யலாம். விலாப் பட்டைகளை விட்டுவிட்டு, அடிப்பக்கம் ஒரு கூர் வருமாறு இறுக்கிக் கட்டினால் போதும்.

பூசணியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பூசணியின் அழகே அந்தப் புடைத்த விலாக்களில்தான். சாதாரணமாக ஒரு பந்தை நெய்து அடைத்து, மேலிருந்து கீழாக நூலால் இறுக்கிக் கட்டி விலா வரவழைப்பார்கள். அது கட்டின மாதிரியே இருக்கும். நூலின் குணத்தை வைத்தே விலாவை வரவழைக்க முடியும்.

20 செ.மீ. அகலத்துக்குப் பருத்திப் பாவு இழுத்துக்கொள்ளுங்கள், 5 மி.மீ. இடைவெளியில் 40 இழை வரும், ஏறக்குறைய 24 மீட்டர் நூல். அட்டையின் இரண்டு கோடியிலும் 10 செ.மீ. சும்மா விட்டுவிட்டு நடுவில் 40 செ.மீ. நெய்ய வேண்டும். முதலில் 4 செ.மீ. ஆரஞ்சு அக்ரிலிக். பிறகு 1 செ.மீ. அடர் நிறச் சாதாரணக் கம்பளி: பழுப்பு, செங்கல் நிறம், கரும்பச்சை, எதுவானாலும் சரி. மறுபடி 4 செ.மீ. அக்ரிலிக், 1 செ.மீ. கம்பளி. இப்படி எட்டுத் தடவை. அதிகம் இறுக்கித் தட்ட வேண்டாம். கம்பளி சுருங்குவதற்கு அதற்குள் இடம் வேண்டும்; நெருக்கித் தட்டிய நெசவில் அது அசையவே அசையாது. அக்ரிலிக் 20 கிராமும் கம்பளி 5 கிராமும் இருந்தால் ஒரு பூசணிக்கு ஆகிவிடும்.

அட்டையிலிருந்து வெட்டி எடுத்ததும் அது வெறும் கோடு போட்ட தட்டைத் துணி. ஓரத்து இழைகள் நழுவாமல் இருக்க, இரண்டு கோடியிலும் பாவு முனைகளை இரண்டிரண்டாகத் தளர முடிச்சிட்டுக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, துணியை அதில் முக்கிக் கசக்குங்கள், நடுநடுவே குளிர்ந்த நீரில் அலசுங்கள். முதல் சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். பிறகு கம்பளிக் கோடுகள் மட்டும் இறுக ஆரம்பிக்கும். இழை தெரியாமல் மூடி, தடித்து, அகலத்தில் குறையும். அக்ரிலிக் அதே நீளத்தில் நிற்பதால் அதற்குப் போக இடமில்லாமல் இரண்டு கம்பளிக் கோடுகளுக்கு நடுவே புடைத்து எழும். ஓரத்தைப் பார்த்தால் நேராக இருந்த விளிம்பு அலை அலையாக மாறியிருக்கும். பூசணிக் காயிலும் இதுதானே இருக்கிறது: பள்ளத்தின் வழியாக அளந்தால் மேலிருந்து கீழ்வரை தூரம் குறைவு, புடைப்பின் வழியாக அளந்தால் தூரம் அதிகம். கம்பளி பள்ளமாகிறது, அக்ரிலிக் புடைப்பாகிறது. கம்பளி எவ்வளவு சுருங்கும் என்பது நூலுக்கு நூல் மாறும், அதனால் கைப்பிடி அளவு ஒரு துண்டு நெய்து முதலில் சோதித்துவிடுங்கள்.

காய்ந்த பிறகு தளர்ந்த முடிச்சுகளை அவிழ்த்து, ஆரம்பக் கோடியின் பாவு முனைகளையும் முடிவுக் கோடியின் பாவு முனைகளையும் எதிரெதிராக முடிந்தால் துணி ஒரு குழாயாகிவிடும். முடிச்சு உள்பக்கம் போகட்டும். ஒரு ஓரத்தில் பெருந்தையல் ஓட்டி இழுத்துச் சுருக்கினால் அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். உள்ளே அடைக்கப் பஞ்சு வாங்க வேண்டாம், இத்தனை நாள் வெட்டிப் போட்ட நூல் துணுக்குகளையே அடையுங்கள். மேல் ஓரத்தையும் சுருக்கும்போது, காம்பாக ஒரு மரக்குச்சியையோ பட்டைக் குச்சியையோ நடுவில் நிறுத்தி அதைச் சுற்றியே இழுத்துக் கட்டுங்கள். பாவு நூலில் மிஞ்சியதைக் காம்பின்மேல் நெருக்கமாகச் சுற்றினால் பசைக்கு வேலையே இல்லை. ஏறக்குறைய 12 செ.மீ. விட்டத்தில் ஒரு பூசணி கையில் இருக்கும். கண், வாய் எதுவும் வைக்காதீர்கள். அதற்குத் தேவையில்லை.

முகம் வேண்டுமானால் பேய்க்கு வையுங்கள், அதையும் நெசவாலேயே. ஜன்னலில் தொங்கவிட ஏற்றது இது. இதற்குச் சட்டத்தின் கீழ்க்கட்டைக்குப் பதிலாகத் தோட்டத்தில் விழுந்த ஒரு கோணல் குச்சியைச் சட்டத்தோடு கட்டி, பாவை அதிலேயே சுற்றி மேலே கொண்டுபோங்கள். முடிந்ததும் தலைகீழாகத் திருப்பினால் அந்தக் குச்சியிலேயே பேய் தொங்கும், தனியாக மாட்டல் தைக்க வேண்டாம். ஆகவே நெசவு தலையில் ஆரம்பித்துப் பாதத்தை நோக்கிப் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாவு இழுக்கும்போது மேல் கோடியில் பாவுக்கு அடியில் ஒரு பென்சிலையும் நுழைத்து வையுங்கள். எதற்கென்று இதோ சொல்கிறேன்.

தலைக்கு வெள்ளை, சாம்பல், பழுத்த வெள்ளை என்று கிடைத்ததையெல்லாம் இரண்டு மூன்றாகச் சேர்த்து அடர்த்தியாக நெய்யுங்கள். 5 செ.மீ. ஆனதும் கண். அந்த உயரத்தில் ஊடையை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு விடாமல் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கத்துக்கு ஒரு நூல், நடுவுக்கு ஒரு நூல், வலப்பக்கத்துக்கு ஒரு நூல். ஒவ்வொன்றும் தன் எல்லைப் பாவு இழைவரை போய் அங்கேயே திரும்பிவிட வேண்டும், பக்கத்துப் பகுதிக்குள் நுழையக் கூடாது. 3 செ.மீ. உயரம் இப்படி நெய்த பிறகு மறுபடி ஒரே ஊடையாக ஓரத்துக்கு ஓரம் ஓடுங்கள். இரண்டு இடத்தில் துணி பிளந்து நிற்கும். சுவரோவியத் திரை நெய்பவர்கள் நிற எல்லை காட்டக் காலங்காலமாகச் செய்துவரும் பிளவு இது. பிளவின் இருபுறமும் உள்ள பாவு இழைகளை மூன்று மூன்றாக நூலால் சுற்றிப் பின்னுக்கு இழுத்தால் கீறல் அகன்று நீள்வட்டமாகும். அவைதாம் கண்கள். பின்னால் ஜன்னல் இருட்டானால் கண்ணும் இருட்டு, அறையில் விளக்கு எரிந்தால் தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கண் எரியும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் உருள்கண்ணால் இதைச் செய்ய முடியாது.

கண்ணுக்குக் கீழே பேய் கரைய வேண்டும். பென்சிலை இப்போது உருவிவிடுங்கள், பாவு கொஞ்சம் தளரும். அடுத்தடுத்துள்ள இரண்டு பாவு இழைகளை இடம் மாற்றி, வலது இழையை இடது இழைக்குமேல் கொண்டுவந்து, அந்தத் திருகலுக்குள் ஊடையை விடுங்கள். வரிசை முழுக்க இப்படி இரண்டிரண்டாக. திருகலே ஊடையைப் பிடித்துக்கொள்வதால் அடுத்த வரிசையை ஒரு விரல் இடைவெளி விட்டுப் போட்டாலும் நழுவாது. கொசுவலை மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். இறுக்கமான பாவில் இழைகளை இடம் மாற்ற முடியாது, பென்சில் அதற்குத்தான். முதலில் நெருக்கமான வரிசைகள், பிறகு அகல அகல, கடைசி 15 செ.மீ. வெறும் பாவு மட்டும், அங்கங்கே ஒரு பிசிறு. உரோமம் பறக்கும் மோஹேர் நூல் ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் இந்தக் கீழ்ப்பகுதிக்கு எடுத்து வையுங்கள், தலையில் போட்டு வீணாக்காதீர்கள்.

இந்த ஓட்டை வரிசைகளில் மெல்லிய செம்புக் கம்பியில் கோத்த எல்இடி விளக்குச் சரத்தையும் ஊடையாகவே விடலாம். கம்பி மறைந்துவிடும், புள்ளி வெளிச்சம் மட்டும் நிற்கும். பேட்டரிப் பெட்டியைக் குச்சிக்குப் பின்னால் கட்டுங்கள். ஏஏ பேட்டரி போடும், திருகாணி வைத்து மூடுகிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பொத்தான் பேட்டரியைச் சின்னக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து; மிட்டாய்க்கு நடுவே குழந்தைகள் புழங்கும் நாளில் அது வீட்டில் திறந்து கிடக்கக் கூடாது. உண்மையான மெழுகுவத்தியை நெய்த எதன் பக்கத்திலும் வைக்க வேண்டாம். அக்ரிலிக் உருகும் விதத்தைத்தான் தொட்டிக்குமேல் பார்த்துவிட்டீர்களே.

வௌவாலுக்கு ஒரு உடைந்த கறுப்புக் குடை தேடுங்கள். அக்டோபர் காற்றில் குப்பைத் தொட்டிக்கு ஒன்றாவது வந்திருக்கும். குடைத் துணியை ஒரு விரல் அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டினால் அறுபடாத நீள நாடா கிடைக்கும், அது ஊடை. குடைக் கம்பிகளை இறக்கையின் எலும்பாக, 6 அல்லது 7 செ.மீ.க்கு ஒன்று ஊடையோடு ஊடையாக நுழைத்துவிடுங்கள். முனைகளில் நூல் சுற்றி மூடுங்கள், கண்ணில் குத்தும். கறுப்பு நூல், குடை நாடா, பழைய கேசட்டின் ஒலிநாடா மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே கறுப்பில் மூன்று விதம்: ஒன்று வெளிச்சத்தை விழுங்கும், ஒன்று மங்கலாக மின்னும், ஒன்று பளபளக்கும். இப்போது அந்த ஓரச் சுருக்கம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நெய்யும்போது, இறக்கையின் கீழ் ஓரத்தில் ஊடை திரும்புகிற ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே இழுத்துத் திருப்புங்கள், மேல் ஓரத்தில் தளர விடுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் அகலம் குறைய முடியாது, நடுவில் குறையும். கீழ் ஓரம் தானாகவே வளைவு வளைவாகச் சுருங்கி, வௌவால் இறக்கையாகிவிடும். கத்தரியால் வெட்டி வடிவம் கொடுத்த இறக்கைக்கு இந்த விறைப்பு வராது.

சிலந்தி வலை எளிது. எம்பிராய்டரி வளையத்தில் ஆரக்கால் இழுத்து, நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே வரும்போது ஒவ்வொரு காலிலும் நூலை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்தில் வட்ட வலை கட்டும் சிலந்திக்கு ஆரக்கால் இழை ஒட்டாது, சுற்று இழைதான் ஒட்டும், மினுங்கும். அதேபோல ஆரத்துக்கு மங்கலான பருத்தி, சுற்றுக்குச் சரிகையோ பளபளப்பான நூலோ போட்டால் வலை நிஜமாகத் தெரிகிறது.

குழந்தைகள் கூட உட்கார வேண்டும் என்றால் மிட்டாய்ச் சோள (ஹாலோவீனுக்கு விற்கும், சோள மணி போன்ற மூவண்ண மிட்டாய்) வடிவத்தைக் கொடுங்கள். அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நுனியில் வெள்ளை. ஓரத்துக்கு ஒரு பாவு இழையாக விட்டுக்கொண்டே போனால் முக்கோணம். அவர்கள் போன வருடம் சேர்த்துவைத்த மிட்டாய்த் தாளையும், ஆரஞ்சுப் பழம் வந்த வலைப்பையையும் நாடாவாக வெட்டி ஊடையாகக் கொடுத்தால் கைவிடாமல் நெய்வார்கள்.

வாசலுக்கு வெளியே தொங்கவிடுவதற்கு அக்ரிலிக்கே நல்லது. மழையில் பருத்தியும் கம்பளியும் நீர் குடித்துக் கனத்துத் தொய்ந்துவிடும், அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். மக்காச்சோள மடலை ஊற வைத்து ஊடையாகப் போடுவது அழகாக இருக்கும், ஆனால் அது வீட்டுக்குள் மட்டும். மணியோடு சோளத்தை வெளியே கட்டினால் அணில் ஒரே காலையில் பிய்த்துவிடும். கடையில் விற்கும் பஞ்சு மாதிரியான செயற்கை வலையைச் செடிமேல் இழுத்து விடும் வழக்கம் நிறைய உண்டு. அதில் சின்னப் பறவைகளும் பிராணிகளும் சிக்கிச் சாகின்றன, தயவுசெய்து அது வேண்டாம். நீங்கள் நெய்த வலையையும் புதருக்குள் வைக்காமல் கதவில் மாட்டுங்கள்.

தோட்டத்தில் பொறுக்கிய குச்சியையும் காயையும் நெய்வதற்கு முன் பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், உள்ளே இருக்கும் பூச்சி செத்துவிடும். நவம்பரில் கழற்றி வைக்கும்போது கம்பளி உள்ளவற்றை நன்றாக உதறி, வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் தனியாகப் போடுங்கள். அந்துப்பூச்சி கம்பளியைத்தான் தேடி வரும், பக்கத்தில் இருக்கும் அக்ரிலிக்கைத் தொடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும். ஒரு வருடம் உள்ளேயே இருந்தால் கசிந்து, பெட்டியும் துணியும் சேர்ந்து பாழாகும்.

செப்டம்பர் நடுவில் பூசணியில் ஆரம்பியுங்கள். கசக்கி, காயவைத்து, அடைப்பதற்கே அதற்கு நாள் பிடிக்கும். பேயும் வௌவாலும் அக்டோபரில் சாவகாசமாக முடியும்.